மூவரில் கண்டிப்பானவர் யார்

புதிதாக மலை ஊழியத்துக்குப் போகிறவர்கள் முதலில் ஒரு வேலை செய்யுங்கள். பயிற்சியில் உங்களுக்கு ஒரு முக்கோணப் படம் கொடுத்திருப்பார்கள். மூன்று மூலையில் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி. நடுவில் தேவன். கோட்டுக்கு மேல் ‘இவர் அவரல்ல’ என்று எழுதியிருக்கும். அதை எடுத்துக்கொண்டு மலை ஏறாதீர்கள். வீட்டிலேயே வையுங்கள். மழைக்காலத்தில் அடுப்புப் பற்றவைக்க ஆகும்.

நான் கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். எப்போதும் இப்படித்தான். புதூர்நாட்டில் ஒரு அறை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, சுற்றியிருக்கிற ஊர்களுக்கெல்லாம் நடந்து போய் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவள் நான். மலையில் என்னை ‘ஜெபக்காரம்மா’ என்பார்கள். கீழே போளூரில், சபைக் கமிட்டியில், ‘அந்தச் சண்டைக்காரம்மா’ என்பார்கள். இரண்டும் சரிதான்.

திரித்துவத்தை எளிமையாக விளக்குவது எப்படி என்று உங்களுக்கு எழுதித் தரச் சொல்லி என்னைக் கேட்டார்கள். எளிமையாக விளக்க முடியாது. விளக்கினவர்கள் எல்லோரும் தப்பாகத்தான் விளக்கியிருக்கிறார்கள், நானும் சேர்த்து. ஆனால் அதை நம்புவதற்கு எனக்கு ஒரு காரணம் கிடைத்தது. சந்தேகப்படவும் ஒரு காரணம் கிடைத்தது. இரண்டும் ஒரே நாளில், ஒரே பலாமரத்தடியில் கிடைத்தன. அதுவும் காணாமல் போன ஓர் ஆட்டுக்கிடாவினால். அதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் உவமைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு மேலே இருந்த ஆயர் நல்லவர். ஜீப் போகிற இடம் வரைக்கும் மலையை அறிந்தவர். “மலைக்காரங்களுக்கு பலாப்பழத்த வெச்சு சொல்லுங்கம்மா” என்றார். “தோலு, சுளை, கொட்டை. மூணு இருக்கு, பழம் ஒண்ணுதான். டக்குனு புரிஞ்சிடும்.”

நான் அதை அப்படியே கொண்டுபோய் ஓர் ஊரில் சொன்னேன். அந்த ஊரின் ஊர்க்கவுண்டர், அதாவது பஞ்சாயத்தில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்கிறவர், பலாப்பழம்தான் அறுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய் தடவியிருந்தது. முழுதாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“சுளைய நாம தின்றோம். கொட்டைய சுட்டுத் தின்றோம். தோல மாட்டுக்குப் போடறோம். உங்க சாமியில தோலு யாருங்க?”

நான் எழுந்து வந்துவிட்டேன்.

அடுத்த முறை ஐஸ் கட்டியோடு போனேன். ஐஸ் கட்டிக் கதையோடு போனேன் என்று சொல்ல வேண்டும், கையில் கொண்டுபோக அங்கே ஐஸ் ஏது. ஐஸ், தண்ணீர், நீராவி, மூன்றும் ஒன்றுதான் என்றேன். கவுண்டர் யோசித்தார். “ஐஸ் உருகுனாதான தண்ணி? தண்ணி இருக்கறப்ப ஐஸ் இல்ல. அப்போ உங்க மகன் சாமி கீழ வந்திருந்தப்ப மேல யாரு இருந்தாங்க? ஆளில்லாம கெடந்துச்சா?”

இன்னொரு முறை, ஒரே ஆள் தன் பிள்ளைக்கு அப்பன், தன் அப்பனுக்குப் பிள்ளை, தன் பெண்டாட்டிக்குப் புருஷன் என்றேன். அதற்கும் சொன்னார்: “நான் மூணுமாத்தான் இருக்கறேன். அதுக்காக எங்கிட்ட நானே கையேந்தி, ‘அப்பா, காப்பாத்து’ன்னு கேட்டுக்கினு இருக்க மாட்டேன். உங்க மகன் சாமி தோட்டத்துல முட்டி போட்டு அழுதாருன்னு நீங்கதான சொன்னீங்க. அது யார்கிட்ட?”

இந்த மனிதர் கடைசி வரைக்கும் சபைக்கு வரவில்லை. ஆனால் நான் பேசியதை அவரைப்போல வேறு யாரும் கேட்டதில்லை. சபைக்கு வருகிறவர்கள் எல்லாம் ஆமென் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுவார்கள். காது கொடுத்து எதிர்த்துக் கேட்கிற ஓர் ஆள் உங்களுக்குக் கிடைத்தால் விடாதீர்கள். கோபம் வரும். வரட்டும்.

இனி கிடா கதை.

அந்த ஊரில் நம் சபைக்கு வந்தது ஒரே ஒரு வீடு. குப்பம்மாள், அவள் மகள் மேரி. குப்பம்மாள் புருஷன் இல்லாதவள். கொஞ்சம் சாமைக் கொல்லை, நாலு கோழி, வாய். அந்த வாய்க்கு முன்னால் என் வாய் ஒன்றுமில்லை.

ஊரில் வேடியப்பன் சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா ஒன்று இருந்தது. நேர்ந்துவிடுவது என்றால் உங்களில் கீழ்நாட்டுப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஒரு வேண்டுதலுக்காக ஒரு கிடாவைச் சாமிக்கு என்று அவிழ்த்து விட்டுவிடுவார்கள். அது திருவிழா வரைக்கும் ஊரில் தன் இஷ்டத்துக்குத் திரியும். யார் கொல்லையிலும் மேயும். யாரும் அதை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. சாமி வீட்டுப் பிள்ளை மாதிரி. இந்தக் கிடாவை நேர்ந்துவிட்டவன் வெள்ளையன், குப்பம்மாள் புருஷனுக்குத் தம்பி முறை. பாம்பு கடித்த அவன் மகன் பிழைத்ததற்காக விட்டது.

கிடாவுக்கு ஊரில் எத்தனையோ கொல்லை இருந்தும் குப்பம்மாள் கொல்லைதான் பிடித்திருந்தது. தினமும் வரும். அவளும் தினமும் வரப்பில் நின்று அதைத் திட்டுவாள். நான் ஒருநாள் கேட்டுவிட்டு, “குப்பு, சபைக்கு வர்றவ இப்படி சாபம் குடுக்கலாமா?” என்றேன்.

“சாபம் இல்லீங்க” என்றாள். “சும்மா பேசிக்கினு இருக்கறேன்.”

திருவிழா நெருங்குகிற நேரத்தில் கிடா காணாமல் போய்விட்டது. ஓடை, காடு, பக்கத்து ஊர் எல்லை எல்லாம் தேடினார்கள். இல்லை. பிறகு எல்லோரும் ஒரே வீட்டைப் பார்த்தார்கள். வெள்ளையன் சொன்ன நியாயம் இது: இந்த ஊரில் வேறு யார் அந்தக் கிடா மேல் கத்தி வைத்தாலும் வேடியப்பன் பயத்தில் கை நடுங்கும். கை நடுங்காத ஒரே ஆள் அண்ணிதான். அதோடு, தினமும் அதை வெட்டிப்போடுகிறேன் என்று ஊர் கேட்கக் கத்தியதும் அண்ணிதான்.

இந்த நேரத்தில்தான் மேரிக்கு மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. பையன் பெயர் சேகர். மேட்டுக்கு அந்தப் பக்கத்து ஊர். நம் சபைக்கு வருகிற பையன். அவன் அப்பன் பொன்னுசாமி வராதவர், ஆனால் கல்யாணத்துக்குச் சரி என்றிருந்தார். கிடா விஷயம் காதில் விழுந்ததும் சொல்லி அனுப்பினார்: “வேடியப்பன் கிடாவத் தின்ன வூட்ல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். வழக்கு தீரட்டும், அப்புறம் பரிசம் போட வர்றேன்.”

மேரி எனக்குப் போன் செய்தாள். அந்த ஊரில் சிக்னல் கிடைக்கிற இடம் ஒரு பாறை மட்டும்தான். அதன் மேல் ஏறி நின்று பேசினாள், காற்றுச் சத்தம் கேட்டது.

“அம்மா, நாளைக்குப் பஞ்சாயத்து. எங்கம்மாவ சூடம் அணைச்சு சத்தியம் பண்ணச் சொல்றாங்க. நீங்களும் வரணுமாம்.”

“நான் எதுக்கு?”

“நம்ம சாமி மூணாமே. அதுல எந்த சாமின்னு கேக்கணுமாம்.”

நான் ஆயருக்குப் போன் செய்து, பஞ்சாயத்தில் திரித்துவம் கேட்கிறார்கள், என்ன சொல்ல என்றேன். அவர், “அது மனுஷ புத்திக்கு எட்டாத மறைபொருள்னு சொல்லிடுங்கம்மா” என்றார்.

“கிடா காணாமப் போன வழக்குல மறைபொருள்னு சொன்னா, மறைச்ச எடத்தக் காட்டுன்னு கேப்பாங்கய்யா” என்றேன். அவர் எனக்காக ஜெபிப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார்.

அங்கே சத்தியத்துக்கு ஒரு முறை உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் தன் சாமி பேரில் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பொய் என்றால் அந்தச் சாமி பார்த்துக்கொள்ளும். ஒருவருக்குச் சாமி ஒன்றுக்கு மேல் இருந்தால், எந்தச் சாமி பேரில் என்று குற்றம் சாட்டியவர்தான் சொல்லுவார். சத்தியம் செய்கிறவரையே விட்டால் இளகின சாமியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்துவிடுவார் இல்லையா. எனக்கு அது நல்ல சட்டமாகத்தான் பட்டது, எங்கள் மேல் பாய்கிற வரைக்கும்.

மறுநாள் ஷேர் ஜீப்பில் தொங்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். பலாமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. தலைக்கு மேலே பழங்கள் தொங்கின. கவுண்டர் அவற்றை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“உக்காருங்க ஜெபக்காரம்மா. உங்க சாமி மூணுன்னு சொல்லிக்கிறீங்க. ஒண்ணுன்னும் சொல்லிக்கிறீங்க. இன்னைக்கு வழக்கு. எதுனா ஒண்ணச் சொல்லுங்க.”

“ரெண்டும்தான்” என்றேன்.

“அது ஞாயித்துக்கெழமைக்கு. இன்னைக்கு வெள்ளி.”

ஊர் சிரித்தது. வெள்ளையன் சிரிக்கவில்லை. எழுந்து நின்று கேட்டான்: “எனக்கு ஒண்ணு தெரிஞ்சா போதும். மூணு பேர்ல யாரு கண்டிப்பு?”

நான் வாயைத் திறப்பதற்குள் ஊர் விவாதத்தை ஆரம்பித்துவிட்டது. நான் அவர்களுக்கு வருஷக்கணக்கில் சொன்ன கதைகள் எல்லாம் அவர்களுக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. சபை மக்களுக்குக்கூட அவ்வளவு ஞாபகம் இல்லை.

“அப்பன் சாமிதான் கண்டிப்பு. உலகத்தையே தண்ணியில முக்குனாரு.”

“ரெண்டு ஊர நெருப்பு வெச்சுக் கொளுத்துனாரே, அதுவும் அவருதான்.”

“மகன் சாமி?”

“அவரு ஆவாது. சிலுவையில தொங்கறப்ப பக்கத்துல இருந்த திருடன மன்னிச்சு உட்டுட்டாரு. இது ஆட்டுத் திருட்டு வழக்கு. அவரு வேணாம்.”

“அந்த மூணாவது?”

“புறா மாதிரி எறங்குனாருன்னு சொன்னாங்க. புறா இன்னா பண்ணிடும்?”

வெள்ளையன் முடிவு செய்துவிட்டான். “அண்ணி அப்பன் பேர்ல சத்தியம் பண்ணட்டும். அப்பன் பேர்ல மட்டும். மகன் பேரச் சொன்னா ஒத்துக்க மாட்டேன். அவரு எரக்கப்பட்டு உட்டுடுவாரு.”

கவுண்டர் என்னைப் பார்த்தார். “சரிதானங்க?”

இப்போது நீங்கள் என் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள். ஒரு தலையசைப்பு போதும். குப்பம்மாள் கிடாவை வெட்டவில்லை, அது எனக்குத் தெரியும். அப்பன் பேரில் சூடத்தை அணைப்பாள், வழக்கு முடியும், பரிசம் வரும், கல்யாணம் நடக்கும். மேரி என் காதுக்கருகே, “சரின்னு சொல்லிடுங்கம்மா, முடிஞ்சிடும்” என்றாள்.

சத்தியமே செய்யாதீர்கள் என்று நமக்குக் கட்டளை இருக்கிறது, அது ஒரு பக்கம். அதைச் சொல்லித் தப்பித்திருக்கலாம். ஆனால் என் தலை அசையாமல் நின்றதற்குக் காரணம் அது இல்லை. குப்பம்மாள் புருஷன் செத்துப்போனபோது அவளுக்குச் சொல்ல என்னிடம் ஒரே ஒரு வார்த்தைதான் இருந்தது. அந்தத் திருடனைத் திரும்பிப் பார்த்த முகம் இருக்கிறதே, கடவுளுக்கு இருப்பது அந்த ஒரு முகம்தான், அதற்குப் பின்னால் வேறு ஒரு கடுமையான முகம் ஒளிந்துகொண்டு இல்லை என்று சொன்னேன். அதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் எழுந்தாள். இன்றைக்கு நான் தலையசைத்தால், ஆமாம், உள்ளே இன்னொருவர் இருக்கிறார், அவர் மனசு வேறு, மகன் விடுவார், அவர் விட மாட்டார் என்று சொன்னதாக ஆகிவிடும். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு அவள் வீட்டுக்குப் போவது?

நான் எழுந்துவிட்டேன். நிதானமாகப் பேச வேண்டும் என்றுதான் நினைத்தேன், வரவில்லை.

“இந்தா வெள்ளையா, இளகினவரு, கண்டிப்பானவருன்னு பிரிச்சு வெச்சுக்க இங்க ஆளில்ல. உலகத்த முக்குனவரு மனசும் திருடன மன்னிச்சவரு மனசும் ஒரே மனசு. புறாவா வந்தவருக்கும் அதே மனசுதான். அப்பன் கிட்ட போனா ஒதைப்பாரு, மகன் கிட்ட போனா உடுவாரு, அந்தக் கதையே இல்ல. ஒருத்தர் உட்டா மூணு பேரும் உட்டதுதான். ஒருத்தர் புடிச்சா மூணு பேரும் புடிச்சதுதான். நடுவுல ஒரு விரல் போற சந்து இருந்தா காட்டு, நான் இந்த வேலைய உட்டுடறேன்.”

இதுதான் நான் நம்புகிற காரணம். புத்தகத்தில் படித்தது இல்லை. வெள்ளையன் அந்தச் சந்தைத் தேடினதால் கிடைத்தது. மூவர் ஒருவர் என்று சொல்லாவிட்டால், நாம் கும்பிடுகிற கருணைக்கு மேலே, கருணை இல்லாத ஒருவரை மேலதிகாரியாக உட்காரவைத்ததாக ஆகும். கீழே கிளார்க் நல்லவர், மேலே ஆபீசர் கையெழுத்துப் போட மாட்டார் என்கிற மாதிரி. தாலுக்கா ஆபீசில் அலைந்தவர்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

ஆனால் கவுண்டர் விடவில்லை. நான் சொன்னதை வாயில் போட்டு மென்றார். பிறகு கேட்டார்:

“நீங்க சொல்றது ஞாயமாத்தான் இருக்குது. மூணு பேருக்கும் ஒரே மனசு, ஒரே பேச்சு, ஒரே தீர்ப்பு. அப்படின்னா மூணு பேரு எதுக்குங்க? ஒருத்தரு பத்தாதா?”

இதுதான் சந்தேகப்படுகிற காரணம். நான் கேட்டதிலேயே நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல ஆயிரம் பேர் எழுதியிருக்கிறார்கள் என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்வார்கள். பலாமரத்தடியில் அந்த ஆயிரம் பேரில் ஒருவரும் வந்து நிற்கவில்லை. மறைபொருள் என்று சொல்ல நாக்கு வரைக்கும் வந்தது. அப்படிச் சொல்லியிருந்தால் பொய்யில்லை, ஆனால் ஓடி ஒளிந்ததாகியிருக்கும்.

“தெரியாது” என்றேன்.

ஜெபக்காரம்மா தெரியாது என்று சொல்லி அந்த ஊர் கேட்டதில்லை.

அப்போதுதான் குப்பம்மாள் பேசினாள். அதுவரைக்கும் அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை. வழக்கே அவள்மேல்தான் என்பது எல்லோருக்கும் மறந்துபோயிருந்தது.

“மாமா, ஒண்டியா இருந்து பாத்தாதான் அது தெரியும்” என்றாள் கவுண்டரிடம். “அவரு போனதுலருந்து நான் வூட்ல யார்கிட்ட பேசறது? இந்தப் பொண்ணு போனப் பாத்துக்கினு பாறை மேல ஒக்காந்துக்குது. அதனாலதான் அந்த ஆட்டத் திட்டிக்கினே இருப்பேன். திட்டறதுக்காவது ஒண்ணு வருதேன்னு. சாமியும் ஆதியிலருந்து ஒண்டியா இருந்திருந்தா அதுக்கும் பைத்தியம் புடிச்சிருக்கும். எரக்கம், பாசம்லாம் எங்கருந்து வரும்? யார்மேல காட்டிப் பழகியிருக்கும்?”

அவள் அத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அந்தக் கிடாவ நான் வெட்டல” என்று தொடர்ந்தாள். “ஆனா கல்லால அடிச்சேன்.”

நேர்ந்துவிட்ட கிடாவை அடிப்பதும் அங்கே குற்றம்தான். “குப்பு, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு” என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டு.

“நீங்கதான சொன்னீங்க, ஒளிக்கறதுக்கு சந்து இல்லன்னு.”

கவுண்டர் கேட்டார், “எங்க அடிச்ச?”

“எடது பின்னங்கால்ல. முட்டிக்கு மேல. கதிரு முத்தற நேரத்துல வந்து வாய வெச்சா இன்னா பண்ணுவேன்? நொண்டிக்கினே மேட்டுப் பக்கம் ஓடுச்சு. அப்புறம் அத்தப் பாக்கல.”

வெள்ளையன் குதித்தான். “பாத்தியா, பாத்தியா, ஒத்துக்கிச்சு.” ஆளுக்கு ஆள் பேசினார்கள். அப்பன் பேரில் சத்தியம் வேண்டும் என்றார்கள் சிலர். மூன்று பேர் பேரிலும் மூன்று சூடம் வைத்துச் செய்யட்டும், ஒருத்தர் விட்டாலும் இன்னொருத்தர் பிடிப்பார் என்றார்கள் சிலர். நாங்கள் சத்தியமே செய்கிறதில்லை, ஆம் என்றால் ஆம், இல்லை என்றால் இல்லை, அவ்வளவுதான் என்றேன் நான்.

“சத்தியம் இல்லாம வழக்கு எப்படிங்க முடியும்?” என்றார் கவுண்டர்.

“இவ பேச்சுக்கு நான் ஜாமீன். பொய்யின்னு தெரிஞ்சா இந்த மலை மேல நான் இனி கால் வைக்க மாட்டேன்.”

“அதுல எங்களுக்கு இன்னா நஷ்டம்?” என்றான் வெள்ளையன்.

கவுண்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, திருவிழா வரைக்கும் தவணை என்றார். அதற்குள் கிடா கிடைக்காவிட்டால் குப்பம்மாள் வீட்டை ஊர் ஒதுக்கும். யாரும் பேச மாட்டார்கள், அறுப்புக்கு ஆள் வராது. கல்யாணம் என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இல்லை.

கூட்டம் கலைந்தது. மேரி என்னிடம் வந்தாள். “ஒரு தலையாட்டல்ல முடிஞ்சிருக்கும்” என்றாள். “சாமிக்கு மூணு பேரு தொணைக்கு இருக்காங்க. எங்கம்மாவுக்கு யாரு இருக்கா?” அதைச் சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு பாறைக்குப் போய்விட்டாள். நான் குப்பம்மாள் வீட்டில் உட்கார்ந்து கஞ்சியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இறங்கவில்லை.

இதைக் கேட்டுக்கொள்ளுங்கள். சரியான முடிவு எடுத்தால் மனசு லேசாக இருக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கல்லைத் தின்றது மாதிரி இருக்கும்.

கஞ்சி ஆறிப்போன நேரத்துக்கு மேரி திரும்பி ஓடிவந்தாள். போனை என் கையில் திணித்தாள். சேகர் வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் போட்டிருந்தான். அவர்கள் ஊரில் காளியம்மாவுக்கு விட்ட கிடாவுக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றி மாலை போடுகிறார்கள். கிடா தலையை ஆட்டிக்கொண்டு இந்தப் பக்கமாக நடந்து வருகிறது. இடது பின்னங்காலை நொண்டிக்கொண்டு.

“இது நம்ம கிடாம்மா” என்றாள் மேரி. “அவங்க வூட்டு வாசல்லதான் கட்டியிருக்குது. சொன்னா அவங்கதான் திருடனுங்கன்னு ஆவும், கல்யாணம் போச்சு. சொல்லலன்னா எங்கம்மா போச்சு.”

“போனைக் கவுண்டர்கிட்ட குடு” என்றேன்.

“அவ்ளோதானா?”

“அவ்ளோதான்.”

நல்ல யோசனை எதுவும் அப்போது எனக்கு வரவில்லை. வந்திருந்தால் கெடுத்திருப்பேன்.

ஊர் மொத்தமும் மேடு ஏறி இறங்கியது. பொன்னுசாமி வாசலுக்கு வந்தார். சம்பந்தி ஊரே திரண்டு வருவதைப் பார்த்ததும் தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, “வாங்க, வாங்க, வழக்கு தீந்துச்சா? நான் கண்டிப்பானவன், திருட்டு வூட்ல மட்டும்...” என்றார். அவருக்குப் பின்னால் கட்டியிருந்த கிடா குப்பம்மாளைப் பார்த்ததும் கத்தியது. கயிறு அறுந்துவிடும்போல் இழுத்தது.

“என்னைப் பாத்தா மட்டும் கத்து” என்றாள் குப்பம்மாள்.

பொன்னுசாமி பொய் சொல்கிறவர் இல்லை. அவர்கள் ஊர்க் கிடா சீக்கு வந்து செத்துப்போயிருக்கிறது. ஊரே கவலையில் இருந்தபோது மேட்டிலிருந்து ஒரு கிடா தானாக இறங்கி வந்து கோயில் முன்னால் நின்றிருக்கிறது. காளியம்மாதான் அனுப்பினாள் என்று கட்டிவிட்டார்கள். “வர்றப்பவே நொண்டிக்கினுதான் வந்துச்சு” என்றார். “ஆத்தா அனுப்பறது நொண்டியா இருக்குதேன்னு நான்கூட நெனச்சேன்.”

கவுண்டர் குனிந்து இடது பின்னங்காலைத் தடவிப் பார்த்தார். முட்டிக்கு மேலே காய்ந்த காயம், குப்பம்மாள் சொன்ன இடத்தில். அவள் அந்தக் கல்லை ஒளித்திருந்தால், இது வேடியப்பன் கிடாதான் என்று அந்த ஊரில் யாராலும் நிரூபித்திருக்க முடியாது. மஞ்சளும் மாலையுமாக எல்லாக் கிடாவும் ஒரே மாதிரிதான் இருக்கும்.

கவுண்டர் நிமிர்ந்தார். “பொன்னுசாமி, கிடாவத் தின்ன வூட்ல பொண்ணு எடுக்க மாட்டேன்னு சொல்லி அனுப்புன. கிடாவக் கட்டி வெச்சிருக்கற வூட்டுக்குப் பொண்ணு குடுக்கலாமான்னு இப்ப நாங்க யோசிக்கறோம்.”

பொன்னுசாமி அந்த நிமிஷமே பரிசத்துக்கு நாள் சொல்லிவிட்டார். வெள்ளையன் குப்பம்மாளிடம் வந்து, “அண்ணி, மனசுல வெச்சுக்காத” என்றான். “நான் எங்க வெச்சுக்கறது, எல்லாத்தையும் வெளிய கொட்டிடறனே” என்றாள் அவள். கல்லால் அடித்ததற்காக வேடியப்பன் கோயில் வாசலை அவள் பெருக்கிச் சுத்தம் செய்ய வேண்டும் என்று கவுண்டர் தீர்ப்புச் சொன்னார். பெருக்கினாள். கும்பிடவில்லை, பெருக்கினாள். கமிட்டியில் என்னைக் கேட்டார்கள். துடைப்பம் பிடித்தது விக்கிரக ஆராதனையா என்று திருப்பிக் கேட்டேன்.

மிச்சம் இருந்தது கிடா யாருக்கு என்கிற வழக்கு. மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது கிடா உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று கணக்கு. இது வேடியப்பனுக்கும் உதறியிருக்கிறது, காளியம்மாவுக்கும் உதறியிருக்கிறது. இரண்டு சாமி ஒத்துக்கொண்டதை ஒரு சாமிக்கு மட்டும் எப்படி வெட்டுவது? இரண்டு ஊரும் பேசிப் பேசி, வெட்டவே கூடாது என்று முடிவு செய்தன. அதன் பிறகு அது இரண்டு ஊர்க் கொல்லையிலும் மேய்ந்தது. அதை யாராலும் எதுவும் செய்ய முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் கவுண்டர் என்னோடு நடந்தார். “ஜெபக்காரம்மா, இப்ப எனக்குப் புரிஞ்சுபோச்சு. கிடா ஒண்ணு. இந்தப் பக்கம் இருந்தா வேடியப்பன் கிடா, அந்தப் பக்கம் போனா காளியம்மா கிடா. உங்க சாமியும் அப்படித்தான், ஒரே ஆளு, எடத்துக்கு ஒரு பேரு.”

“இல்ல” என்றேன். “அது நான் சொன்ன அப்பன், பிள்ளை, புருஷன் கதைதான். பேரு மட்டும் மாறினா தோட்டத்துல யார்கிட்ட அழுதாரு?”

அவர் நின்றுவிட்டார். “எல்லாத்துக்கும் இல்லன்னே சொல்றீங்க. ஒரு தரமாவது ஆமான்னு சொல்ல மாட்டீங்களா?”

மேரி கல்யாணமாகி மேட்டுக்கு அந்தப் பக்கம் போனாள். குப்பம்மாள் ஒண்டியானாள். நான் பயந்த மாதிரி அவள் வாடவில்லை. ஏனென்று ஓய்வு பெற்றுக் கிளம்புகிற அன்றைக்குத்தான் பார்த்தேன். சொல்லிக்கொண்டு வரலாம் என்று அந்த ஊருக்குப் போயிருந்தேன். குப்பம்மாள் வரப்பில் நின்றிருந்தாள், கிடா கொல்லையில் நின்றிருந்தது. அதன் கழுத்தில் மேரி கட்டின ரிப்பன் ஒன்று கட்டியிருந்தது. மேரி அங்கே கஞ்சித்தண்ணி வைத்து, புதுசு புதுசாக ரிப்பன் கட்டி அனுப்புவாளாம். இங்கே இவள் அதை அவிழ்த்துவிட்டு வேறொன்று கட்டி அனுப்புவாளாம். போனில் பேசலாமே என்றேன். “அதுல திட்ட முடியாதுங்க, வெச்சிடறா” என்றாள்.

கவுண்டர் என்னை ஜீப் வரைக்கும் கொண்டுவிட வந்தார். அவரும் அந்தக் கொல்லையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இந்தப் பக்கம் அம்மா” என்றார் மெதுவாக. “அந்தப் பக்கம் பொண்ணு. நடுவுல போய் வர்றது ஒண்ணு. மூணும் வேற வேறதான். ஆனா வூடு ஒண்ணுதான், இல்லீங்களா?”

தப்பு. இதிலும் பெரிய பெரிய தப்பு இருக்கிறது. பயிற்சி முடித்த நீங்கள் வரிசையாகச் சொல்வீர்கள். மூவரில் ஒருவரை ஆட்டுக்கிடா ஆக்கினதே போதும், கமிட்டி என் ஓய்வூதியத்தை நிறுத்த. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

கொல்லையில் குப்பம்மாள் ரிப்பனை அவிழ்த்துக்கொண்டே கிடாவிடம் கேட்டுக்கொண்டிருந்தாள்: “இன்னாடா, சாப்ட்டாளா? சொல்லேன்டா, திருட்டு நாயே, நல்லா இருக்கறாளா?”

“ஜீப் வந்திடுச்சு, வர்றேங்க” என்று சொல்லி ஏறிக்கொண்டேன்.